குளத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் வீட்டுக்குள் நீச்சல் குளம் கட்டினால் ஊரார் முகம் சுளிப்பார்கள். திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தில் அந்தச் சங்கடம் இல்லை. வருஷத்துக்கு இரண்டு மழை: இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஒன்று, துலா மாதத்து வடகிழக்குப் பருவமழை ஒன்று. தோண்டிய இடத்தில் ஊற்று. பழைய தரவாட்டு வளவுகளில் வெட்டுக்கல் படி வைத்த குளம் இல்லாத வீடு குறைவு. 1990இல் டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்கா வந்தபிறகு இங்கே மனை வாங்கி வீடு கட்டுகிறவர்களில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர்களும் நிறையப் பேர். வரைபடம் போடும்போது பின்பக்கம் ஒரு நீலச் செவ்வகம் தானாகவே வந்துவிடுகிறது. “தண்ணிக்கு இங்க என்ன குறை சார்?” என்பதுதான் குளம் கட்டித் தருகிறவர்களின் முதல் வாதம்.

அந்த வாதத்தைத்தான் முதலில் எடைபோட வேண்டும். என் கணிப்பில் அது தலைகீழான வாதம். கழக்கூட்டத்தில் குளத்துக்கு முதல் ஆபத்து மேலே நிரப்பும் தண்ணீரின் குறைவால் வருவதில்லை. கீழே நிற்கும் தண்ணீரின் மிகுதியால் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக் குளத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். ஆழம் சீராக 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவரும் அடித்தகடும் 20 செ.மீ. கனமுள்ள காங்கிரீட். இந்தத் தொட்டியின் வெளி அளவு ஏறக்குறைய 59 கன மீட்டர். காங்கிரீட் மட்டும் 14 கன மீட்டர் சொச்சம், எடை 36 டன் அளவில் வரும். குளம் நிறைந்திருக்கும்போது ஒரு கவலையும் இல்லை. சுத்தம் செய்ய, டைல்ஸ் மாற்ற என்று துலா மாத மழைக்கு நடுவே தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டால், சுற்றி நிற்கும் நிலத்தடி நீர் அதை மேலே தள்ளும். நீர்மட்டம் தரையைத் தொட்டு நின்றால் அந்தத் தள்ளுவிசை 59 டன். கீழே அழுத்தும் எடை 36 டன். அப்போது அது தொட்டி இல்லை, தோணி. தரை வரை நீர் வரவேண்டும் என்பதுகூட இல்லை. விளிம்புக்கு இரண்டடி கீழே வந்தாலே இரண்டும் சமமாகிவிடும். அதற்குமேல் ஒவ்வொரு அங்குலமும் குளத்தைத் தூக்கும், அல்லது அடித்தகட்டைப் பிளக்கும்.

இரண்டடியில் நிலத்தடி நீர் வருமா என்று கேட்பவர்கள் 2023 அக்டோபரை நினைத்துப் பார்க்க வேண்டும். இரவு முழுக்கப் பெய்த மழையில் தெற்றியாறு கரை வழிந்து, டெக்னோபார்க்கின் மூன்றாம் கட்டத்தை ஒட்டிய பகுதிகளிலும் குளத்தூரிலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. கழக்கூட்டம் துணைமின் நிலையத்துக்கே ஆபத்து என்ற நிலை வந்தது. ஆக்குளம், வேளிக் காயல்களை நோக்கிச் சரியும் இந்தத் தாழ்நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் வயல். மனைப் பத்திரத்தில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் கேரளத்தில் அது நெல்வயல். ‘புரையிடம்’ என்றால்தான் குடியிருப்பு மேட்டு நிலம். 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இந்த ஒரு சொல்லுக்காக வருஷக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. வகை மாற்றிக் கையில் உத்தரவு வாங்கிவிடலாம். மண்ணுக்கு அந்த உத்தரவு தெரியாது. இடவப்பாதி வந்தால் அது மறுபடியும் வயல்தான்.

இதற்கு ஒப்பந்தக்காரர்கள் கையில் ஒரு பதில் இருக்கிறது: அடித்தகட்டில் ஒரு வால்வு. வெளியே நீரழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விட்டுவிடும், குளம் மிதக்காது. நல்ல ஏற்பாடு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே வருவது என்ன தண்ணீர் என்பதை யாரும் பேசுவதில்லை. கழக்கூட்டத்தின் பெரும்பாலான தனி வீடுகள் ஐந்து, ஆறு சென்ட் மனையில் நிற்பவை. ஆறு சென்ட் என்பது சுமார் 2,600 சதுர அடி. அதற்குள் வீடு, கிணறு, செப்டிக் டேங்க், கார் நிறுத்துமிடம். மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கட்டட விதி. அதையே இழுத்துப் பிடித்துத்தான் காட்டுகிறார்கள். மழைக்காலத்தில் மண்ணுக்குள் இவை எல்லாம் ஒரே நீர். குளத்தை உடையாமல் காக்கும் அந்த வால்வு வழியே அந்த நீர்தான் உள்ளே வருகிறது. பழைய தரவாட்டுக் குளத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது நிலத்தடி நீரோடு சேர்ந்து ஏறும், இறங்கும். சுற்றிலும் அரை ஏக்கர் வளவு, மலக்குழி என்ற ஒன்றே கிடையாது. அந்தக் குளத்தைக் காட்டி இந்தக் குளத்தை நியாயப்படுத்துவது செல்லாது.

அடுத்த வாதம் சமீபத்தில் வந்தது, முன்னதைவிட வலுவானதும்கூட. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்துப் பதினேழு வயது மாணவன் ஒருவன் நண்பர்களோடு ஆக்குளம் சுற்றுலாக் கிராமத்தின் நீச்சல் குளத்தில் குளித்தான். பின்னர் அவனுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் உறுதியானது. சுகாதாரத் துறை அந்தக் குளத்தை மூடி நீர் மாதிரிகளை எடுத்துப் போனது. ஆக்குளம் கழக்கூட்டத்துக்குக் கூப்பிடு தூரம். அதற்கு முந்தைய வருஷம் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரே குளத்தில் குளித்த இளைஞர்கள் சிலருக்கு இதே நோய் வந்து ஒருவர் இறந்திருந்தார். ஆகவே, பொதுக்குளத்தை நம்ப முடியாது, சொந்தக் குளம் என்றால் குளோரின் நம் கையில் இருக்கும் என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை. நேக்ளேரியா என்ற அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளர்வது. குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கு வழியே ஏறினால்தான் மூளையைத் தொடும். உலக அளவில் அது தொற்றியவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் இறந்திருக்கிறார்கள். கேரளத்தில் வேறு வகை அமீபாக்களும் இந்நோயைத் தருகின்றன; சீக்கிரம் கண்டுபிடித்து மில்டெபோசின் உள்ளிட்ட மருந்துகளைக் கொடுப்பதால் பிழைப்பவர்களின் விகிதம் இங்கே கூடுதல். போதிய குளோரின் எப்போதும் இருக்கும் நீரில் இந்த அமீபா நிலைக்காது. நீச்சல் குளங்களில் லிட்டருக்குக் குறைந்தது 0.5 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்று 2025இல் சுகாதாரத் துறை உத்தரவு போட்டதும் அதனால்தான். வீட்டுக் குளத்துக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம் வரை வைப்பது வழக்கம்.

வாதத்தின் மற்ற பாதி ‘நம் கையில்’ என்ற இடத்தில் சரிகிறது. யார் கை?

நம் எட்டுக்கு நான்கு குளத்தில் சுமார் 45,000 லிட்டர் நீர். அதில் ஒரு மில்லிகிராம் குளோரின் ஏற்ற 45 கிராம் வேண்டும். முப்பது சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரில் அது 150 கிராம். கேட்க எளிது. ஆனால் திறந்த பாக்கெட் இந்த ஊர் ஈரக்காற்றில் சில வாரங்களிலேயே வீரியம் இழந்துவிடும். அளவு கிராமில் சரியாக இருக்கும், குளோரினில் இருக்காது. வாரம் இருமுறை வரும் ஆள் காலை பத்து மணிக்குப் பவுடரைத் தூவிவிட்டுப் போகிறார். நிலைப்படுத்தும் சயனூரிக் அமிலம் சேர்க்காத குளம் என்றால் உச்சி வெயில் அதில் பாதிக்கு மேல் ஓரிரு மணி நேரத்திலேயே தின்றுவிடும். மாலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் இறங்கும்போது நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். தெளிவுக்கும் குளோரினுக்கும் சம்பந்தமில்லை.

கழக்கூட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் கிணற்று நீர். செம்பாறை நிலத்துக் கிணறுகளில் நீர் பெரும்பாலும் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும், இரும்பும் கலந்திருக்கும். நிரப்பும்போது பளிங்குபோல் இருக்கும் நீர், முதல் குளோரினைப் போட்டதும் கண்ணெதிரே செம்பழுப்பாகத் திரும்பும். கரைந்திருந்த இரும்பு துருவாகிப் பிரிந்து மிதக்கிறது. போட்ட குளோரின் கிருமியைத் தொடுமுன் இரும்பிலேயே செலவாகிவிடுகிறது. படிகாரம் போட்டுத் துருவை அடியில் படியவைத்து, உறிஞ்சி வெளியேற்றி, மறுபடி தொடங்க வேண்டும். அமில நீரோ டைல்ஸுக்கு நடுவேயுள்ள சிமென்ட் பூச்சைக் கரைத்துக்கொண்டே இருக்கும். சரி, சோடா உப்பைக் கொட்டி pH என்னும் அமில அளவை ஏற்றினால்? அது 7.5 ஆகும்போது போட்ட குளோரினில் கிருமி கொல்லும் வடிவத்தில் இருப்பது ஏறக்குறைய பாதி. எட்டைத் தொட்டால் கால்வாசிக்கும் கீழே. 7.2க்கும் 7.6க்கும் நடுவே கயிற்றில் நடப்பதுபோல் வைத்திருக்க வேண்டும். நூறு மில்லிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டினால் 3,200 லிட்டர் மழைநீர் குளத்தில் விழுந்து இந்தக் கணக்கு அத்தனையையும் கலைத்துவிடும்.

கிணற்று நீர் பத்திரமானது என்ற நம்பிக்கையும் இப்போது செல்லாது. 2025இல் கோழிக்கோடு மாவட்டம் ஓமச்சேரியைச் சேர்ந்த மூன்று மாதக் குழந்தை இந்நோயில் இறந்தது; அதன் வீட்டுக் கிணற்றிலேயே அமீபா இருப்பது கண்டறியப்பட்டது. அந்த ஆண்டுதான் மாநிலம் முழுக்கக் கிணறுகளுக்குக் குளோரின் போடும் இயக்கத்தை அரசு தொடங்கியது.

ஆகவே ஆக்குளம் சொல்வது பொதுக்குளம் கூடாது, சொந்தக் குளம் நல்லது என்பதல்ல. குளத்துக்குத் தினமும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் இல்லாத நாளில் அது வெறும் வெதுவெதுப்பான நன்னீர் என்பதுதான். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு குழாய் மஞ்சளாகும், இன்னொன்று இளஞ்சிவப்பாகும், ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை 365 நாளும் கொடுக்கிற ஒருவர் வீட்டில் உண்டா என்பதுதான் கேள்வி. உப்புநீர்க் குளம் என்று விற்கப்படுவதும் விதிவிலக்கு இல்லை. உப்பிலிருந்து அங்கேயே குளோரின் செய்யும் இயந்திரம் அது. சோதனையிலிருந்து விடுதலை தராது.

வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. பூட்டிய வீட்டுக் குளம் கொசுப்பண்ணை. கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் 2023இல் வந்தபிறகு அது அபராதத்துக்குரியதும்கூட.

செலவு பற்றிச் சுருக்கமாக. கட்டும் செலவை ஒப்பந்தக்காரர் சொல்லிவிடுவார், கூட்டித்தான் சொல்வார் என்று வைத்துக்கொண்டால் போதும். அவர் சொல்லாதது மாதச் செலவு. நாளுக்கு ஒருமுறையாவது மொத்த நீரும் வடிகட்டி வழியே போகவேண்டுமானால் ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினம் ஆறு, எட்டு மணி நேரம் ஓடவேண்டும். மாதம் 200 யூனிட் கூடும். கேரள மின்வாரியத்தின் கட்டணத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிக்கட்டு முறை போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. குளத்தின் மின்செலவு குளத்தோடு நிற்காது, வீட்டின் ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் சேர்த்து விலை ஏற்றும். கூரையில் சோலார் இருப்பவர்கள் மோட்டாரைப் பகலில் ஓட்டி இதிலிருந்து தப்பலாம். தண்ணீரைப் பொறுத்தவரை, ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு 83 நாள் வரும் நீரை ஒருமுறை நிரப்புகிறோம். ஆவியாதல் தினம் நூறு, நூற்றைம்பது லிட்டர். வடிகட்டியைத் திருப்பிக் கழுவும் ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் குளோரின் நீர் வெளியே போகும். அதை எங்கே விடப்போகிறோம் என்பதற்கு வரைபடத்தில் ஒரு கோடு இருக்காது. தெருவுக்கு விட்டால் பக்கத்து வீட்டுச் சேச்சி கேட்பார், நியாயமாகத்தான் கேட்பார்.

குளம் இருந்தால் வீட்டின் விலை கூடும் என்பதை ஒரு வாதமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. பாசி பிடித்த குளத்தோடு ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர் அதை நிரப்பி மூட எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்பார்.

உடற்பயிற்சி வாதம் மெய்யானது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதுகுக்கு நீச்சல்போல் மருந்து குறைவு. ஆனால் நீந்தும் நேரத்தைப் பாருங்கள். டெக்னோபார்க்கில் வேலை முடிந்து வீடு சேர மாலை ஆறு, ஏழு. ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷக் காலத்திலும் கேரளத்தில் இடிமின்னல் அடிக்கும் நேரமும் அதுதான். பகல் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை வெட்டவெளியில் நிற்காதீர்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒவ்வொரு பருவத்திலும் எச்சரிக்கிறது. நீரில் நிற்பது அதைவிட மோசம். இடவப்பாதியில் நாள் கணக்கில் அடைமழை. மிச்சம் அதிகாலை. காலை ஐந்தரைக்கு எழுந்து நீந்துகிறவர் எந்தக் குளம் இருந்தாலும் நீந்துவார். அவருக்கு எட்டு மீட்டர் போதாது, நான்கு கை வீச்சில் சுவர் வந்துவிடும். எட்டு மீட்டர் குளம் பெரியவர்கள் நீந்துவதற்கானது இல்லை, பிள்ளைகள் ஆடுவதற்கானது. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் பாதி முடிவு தெளிவாகிவிடும். ஏனென்றால் ஆபத்தும் பிள்ளைகளுக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் மூன்று லட்சம். அவர்களில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலியும் தானே சாத்திக்கொள்ளும் கதவும் சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் 2002இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சுடுநீர்த் தொட்டியின் அடி உறிஞ்சுகுழாயில் ஒட்டிக்கொண்டு இறந்தபிறகு, 2007இல் அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. அங்கே இப்போது ஒற்றை உறிஞ்சுகுழாய்ப் பொதுக்குளம் என்றால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் முடியாது. நம் ஊரில் வேலி போட்டால் அழகு கெடும் என்கிறார்கள். வரவேற்பறையிலிருந்து நேரே குளத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவுதான் விளம்பரப் படங்களில் தவறாமல் வருகிறது. தவழும் குழந்தைக்கு அதைவிட மோசமான வடிவமைப்பு இல்லை.

இத்தனையும் எடைபோட்டு என் தீர்ப்பு இது. ஆறு சென்ட் மனையில் வேண்டாம். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே குளத்துக்கு நேர்மையான இடம் அங்கே இல்லை. தெற்றியாற்றின் ஓரத்திலும் காயலை நோக்கிய சரிவிலும் இருபது சென்ட் இருந்தாலும் தரைக்குள் தோண்டும் குளம் வேண்டாம். வருஷத்தில் பாதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் எந்தக் குளமும் வேண்டாம். காரியவட்டம் பக்கத்து மேட்டு நிலத்தில், செம்பாறை மண்ணில், பத்து சென்டுக்கு மேல் வைத்திருந்து, அங்கேயே குடியிருந்து, சோதனைப் பெட்டியைத் தினமும் திறக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் கட்டலாம். அதுவும் படத்தில் காட்டும் குளத்தை அல்ல.

தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டட்டும். அதே காங்கிரீட்டில், அதே அளவில், தொட்டி மண்ணுக்குள் ஒரு மீட்டர்தான் இறங்கும். நிலத்தடி நீர் தரையைத் தொட்டாலும் தள்ளுவிசை 37 டன்னோடு நின்றுவிடும். அடித்தகட்டைக் கொஞ்சம் கனமாக்கிச் சுவருக்கு வெளியே ஓரடி நீட்டினால் மேலிருக்கும் மண்ணும் சேர்ந்து அழுத்தும். வால்வை நம்ப வேண்டியிராது. நீர்த்தொட்டிகளுக்கான ஐ.எஸ். 3370 விதிப்படி M30 கலவை, டைல்ஸ் ஒட்டுமுன் ஏழு நாள் நீர் நிரப்பி மட்டம் குறித்துப் பார்த்தல், இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வரவேண்டும். குதிக்கும் ஆழம் எதற்கு? சீராக 1.2 மீட்டர் போதும். தள்ளித் தள்ளி இரண்டு உறிஞ்சுகுழாய், மோட்டாருக்கும் விளக்குக்கும் தனியாக 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான், சுற்றிலும் வேலி. இயன்றால் மேலே ஒரு கூரை. வெயில் குளோரினைத் தின்னாது, மழை கணக்கைக் கலைக்காது, தேங்காயும் பலா இலையும் விழாது. கூரைப் பரப்பு கட்டட அனுமதிக் கணக்கில் சேருமா என்பதை மாநகராட்சியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரப் படத்தின் அழகு இதில் வராது. நான் பார்த்தவரை, பத்து வருஷம் கழித்தும் தண்ணீரோடு இருக்கும் வீட்டுக் குளங்கள் இந்தச் சாயலில்தான் இருக்கின்றன.

முன்பணம் கொடுக்குமுன் ஒரு வேலை மட்டும் பாக்கி. துலா மழை நடுவில், குளம் வரப்போகும் இடத்தில், ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, மூடி போட்டு, இரண்டு நாள் கழித்து நீர் எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். கோடையில் அளந்து காட்டும் ஒப்பந்தக்காரரிடம் மறுபடி அக்டோபரில் வரச் சொல்லலாம். அதுவரை பிள்ளைகள் நீச்சல் பழகக் காரியவட்டத்தில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியின் குளம் இருக்கிறது. கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பிரப்பன்கோட்டில் கட்டிய ஐம்பது மீட்டர் குளமும் இருக்கிறது. இறங்குமுன் அங்கேயும் குளோரின் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.